கயல் பாலை நிறுத்த வேண்டாம்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் நலம். அண்ணனுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. ராஜியின் கல்யாணக் கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். நீ கேட்காமல் விடமாட்டாய் என்று தெரியும்.

உன் குரல் செய்தி கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். கைக்குழந்தைக்காரியான உன் பெண் கயலுக்கு லைம் நோய் (உண்ணி கடித்து வரும் கிருமித் தொற்று), சம்பந்தியம்மா பாலை நிறுத்தச் சொல்கிறார், நீயும் "பச்சை உடம்புக்காரி, மருந்தைத் தின்றுகொண்டு எப்படிடி பால் கொடுப்பாள்" என்று அழுகிறாய். அழாதே. இந்த நோய்க்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இன்று ராத்திரியே கொடுக்கச் சொல்.

லைம் என்பது அமெரிக்காவில் அவள் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்திலேயே உள்ள ஓர் ஊர். 1975-இல் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீங்கியபோதுதான் இந்த நோயைத் தேட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து அங்கே எத்தனையோ பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இது வந்திருக்கிறது. பால் வழியாகக் குழந்தைக்குத் தொற்றியதாக ஒரு பதிவும் இல்லை, அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யும் அதையே சொல்கிறது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு பெண்களின் பாலில் கிருமியின் டி.என்.ஏ. தெரிந்தது. மாப்பிள்ளை நெட்டில் படித்துப் பயந்தது அதைத்தான் இருக்கும். டி.என்.ஏ. துணுக்கு இருப்பதும் உயிருள்ள கிருமி குழந்தைக்குள் போய் வளர்வதும் ஒன்றல்ல. பாலைச் சோதனைக்கு அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். அதன் முடிவை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது.

என் கவலை வேறு. மார்புக்குக் கீழே, உள்ளாடைப் பட்டி அழுத்தும் இடத்தில் சிவந்திருக்கிறது, முதலில் போன இடத்தில் பால் கட்டியது என்று மாத்திரை கொடுத்தார்கள் என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உண்ணிக்கு அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, பட்டி அழுத்தும் இடம் எல்லாம் பிடித்தமான இடங்கள். பால் கட்டினால் அந்த இடம் கல்லாகி, தொட்டாலே உயிர் போகும். லைம் நோயில் தோலில் வரும் சிவப்புப் படை பெரும்பாலும் வலிக்காது. நாளுக்கு நாள் விரிந்து 5 சென்டிமீட்டரைத் தாண்டும். நடுவில் வெளுத்து வளையமாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, முழுக்கச் சிவப்பாகவும் இருக்கலாம். நம் நிறத்தில் அது மங்கித்தான் தெரியும். பால்கட்டுக்கு அங்கே அடிக்கடி எழுதுவது செஃபலெக்சின். அது லைம் கிருமியை ஒன்றும் செய்யாது! அந்த மாத்திரையைத் தின்றுகொண்டே இருப்பாள், படை விரிந்துகொண்டே போகும். இப்போது எந்த மாத்திரை சாப்பிடுகிறாள் என்று இன்றைக்கே கேள். பேனாவால் படையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, தினமும் படம் எடுக்கச் சொல். ரத்தச் சோதனை சுத்தமாக வந்தது என்று நிம்மதியாகிவிடாதே. முதல் சில வாரங்களில் அது பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். படையைப் பார்த்தே மருந்து தொடங்கலாம்.

சரியான மருந்து என்றால் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 14 நாள். இல்லையென்றால் செஃபுராக்சிம் 500 மில்லிகிராம், இரண்டு வேளை, அதே 14 நாள். பாலில் இறங்கும் அளவு மிகக் கொஞ்சம். குழந்தைக்கே இந்த மருந்தை எழுதினால் எவ்வளவு கொடுப்பார்களோ, அதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. குழந்தைக்கு இளகலாகப் போகலாம், உடம்பில் சிவப்புப் பொரி வரலாம், நாக்கில் வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம் வரலாம். படலம் வந்தால் தாயின் காம்புக்கும் சேர்த்துத்தான் வைத்தியம், இல்லாவிட்டால் இருவரும் மாறி மாறித் தொற்றிக்கொள்வார்கள்.

டாக்சிசைக்ளின் எழுதினாலும் அலறாதே. 100 மில்லிகிராம், இரண்டு வேளை, 10 நாள். குழந்தையின் பல்லில் கறை படியும் என்ற பயம் பழையது. பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்வதால் குழந்தையின் உடம்பில் சேர்வது சொற்பம். மூன்று வாரம் வரைக்கும் ஏற்கலாம் என்பதுதான் இன்றைய நிலை. ஆனால் அதே கால்சியம் கயலுக்கும் எதிரி. பிரசவத்துக்குப் பிறகு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள் அல்லவா? அதையும் பால், தயிரையும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். டாக்சிசைக்ளின் போட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து இரும்பு. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

முதல் மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் குளிரும் ஏறலாம். கிருமி சாவதால் வருவது, ஒரு நாளில் அடங்கும். அதைப் பார்த்து மருந்தையோ பாலையோ நிறுத்திவிடப் போகிறாள், முன்கூட்டியே சொல்லிவை. பாரசிட்டமாலும் இப்யூபுரோஃபனும் பால் கொடுக்கும்போது சாப்பிடலாம்.

பாலைச் சட்டென்று நிறுத்தினால்தான் ஆபத்து. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை குடிக்கும் குழந்தையை விலக்கினால் மார்பு கட்டும், காய்ச்சல் வரும், அந்தக் காய்ச்சல் எதனால் என்று யாருக்கும் புரியாது. பிறகு வேண்டும் என்றாலும் பால் திரும்ப ஊறுவது கஷ்டம்.

மயக்கம், படபடப்பு, மூச்சிரைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைத்துத் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவு. அங்கே செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் நரம்பில் ஏற்றினாலும் பால் கொடுக்கலாம். குழந்தையை உள்ளே விடாவிட்டால் மூன்று மணிக்கு ஒருமுறை பம்பில் எடுக்கட்டும். வெளியே நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும்.

கயலின் தோழி சொன்ன மூலிகைச் சொட்டு மருந்தும், மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டவே வேண்டாம். பால் கொடுக்கும் உடம்புக்கு அந்தச் சொட்டு ஆகுமா என்று யாரும் பார்த்ததில்லை. மருந்து முடிந்தும் அசதி நீடித்தால் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல். பிள்ளை பெற்றவளின் அசதியை எல்லாம் லைம் தலையில் கட்டக் கூடாது.

தோட்டத்துக்குப் போய்வந்தால் குழந்தையின் காது மடல், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கைத் தினமும் பார்க்கட்டும். இளம் உண்ணி கசகசா அளவுதான். முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி எதுவும் கூடாது. மூன்று மாதம் ஆகாத பிள்ளை, 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் காத்திருக்கவே கூடாது.

படையின் படத்தையும் மாத்திரைச் சீட்டையும் எனக்கு அனுப்பச் சொல். சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன், நீ பேசினால் சண்டையில் முடியும்.

அன்புடன்,
வசந்தா