சேராமல் போனவர்கள்

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய். பதில் போடாததற்கு வசவுகளைச் சேர்த்து வைத்திருப்பாய்; சாவகாசமாகத் திட்டு. முதலில் செய்தி: ஆய்வுத் தலைப்பை மாற்றிவிட்டேன். மூன்றாம் ஆண்டில்! நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று வாசுகியைக் கேள்.

புதுத் தலைப்பு, ஜிகாதி இயக்கங்கள் கூப்பிட்டும் சேராமல் போனவர்கள்.

சிரிக்காதே. இதுவரை நான் படித்ததெல்லாம் சேர்ந்தவர்களைப் பற்றித்தான். மார்க் சேஜ்மன் என்ற ஆய்வாளர் அப்படிச் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கையைத் தோண்டி 2004-இல் எழுதினார். வறுமை, மனநோய் என்று சொல்லிக்கொண்டிருந்த காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பேரை இழுத்துப் போனது ஏற்கெனவே இருந்த நட்பு. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதே அறையில் தங்கி, அதே பேச்சையெல்லாம் கேட்டு, கடைசியில் 'எனக்கு வேண்டாம்ப்பா' என்று எழுந்து போனவன் அந்த 172-இல் எப்படி வருவான்?

உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். முஸ்லிம் நாடுகளின் தீவிரவாதிகளில், கல்லூரியில் என்ன படித்தார்கள் என்று தெரிந்த 207 பேரை காம்பெட்டா, ஹெர்டாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 45 சதவீதம் இன்ஜினியர்கள்! உன்னைப் பற்றி எனக்கு முன்பே சந்தேகம்தான். 'மீதி லட்சக்கணக்கான இன்ஜினியர்கள் சும்மாதானே இருக்கிறோம்' என்று குதிப்பாய். குதி, என் கட்சியும் அதுதான்.

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் பேப்பை வைத்து விடிய விடிய சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? 1980 முதல் 2003 வரை 315 தற்கொலைத் தாக்குதல்கள், பட்டியலில் முதலிடம் புலிகளுக்கு. ஆகவே வேர் மதத்தில் இல்லை, அந்நிய ஆக்கிரமிப்பில் என்றார். நீ மேசையைத் தட்டினாய். அவர் தாக்குதல் நடந்த இடங்களை மட்டும்தான் பார்த்தார், ஆக்கிரமிப்பு இருந்தும் நடக்காத இடங்களைச் சேர்க்காமல் காரணம் சொல்ல முடியாது என்று 2008-இல் நான்கு பேர் எழுதிய மறுப்பை உனக்கு அனுப்பினேன். நீ படித்திருக்க மாட்டாய்.

என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு படிவம். ஐ.எஸ். தன்னிடம் வந்தவர்களுக்கு நிரப்பியது. 2016-இல் ஆயிரக்கணக்கில் கசிந்தன. பெயர், ரத்த வகை, முன்பு பார்த்த வேலை, மார்க்க அறிவு எவ்வளவு (பெரும்பாலோருக்கு 'அடிப்படை' மட்டுமே), போராளியா தற்கொலைத் தாக்குதலா, இறந்த தேதிக்கு ஒரு கட்டம். நடுவில் ஒரு கேள்வி: யார் சிபாரிசு? அந்தச் சிபாரிசுக்காரர் இன்னும் எத்தனை பேர் தோளில் கை போட்டிருப்பார்? வராதவனுக்கு யார் படிவம் நிரப்புவார்கள்?

'தரவே இல்லையே' என்கிறார் நெறியாளர். தேடினால் ஆட்கள் கிடைப்பார்கள், சேகர். என் பயம் வேறு. 'மறுத்தேன்' என்று ஒருவர் வாய் திறந்தாலே, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஆகிவிடுகிறது. யார், எப்போது, ஏன் போலீசுக்குச் சொல்லவில்லை? வட அயர்லாந்தின் பழைய போராளிகளிடம், சாகும்வரை வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்து பாஸ்டன் கல்லூரி திட்டம் ஒன்று பேட்டிகளைப் பதிவு செய்து வைத்திருந்தது. 2011-இல் சம்மன் வந்தது. வழக்காடியும் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய கல்லூரியாலேயே காப்பாற்ற முடியாத வாக்கை நான் எந்த முகத்தோடு கொடுப்பது? தன்னை மறுத்தவனை அந்த இயக்கமும் மறந்திருக்காது. இது தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒலிப்பதிவே வேண்டாம், கைக்குறிப்பு மட்டும், பெயரோ ஊரோ எங்கும் கூடாது என்று நினைக்கிறேன். அப்படியென்றால், நான் கதை கட்டவில்லை என்று தேர்வாளருக்கு எப்படி நிரூபிப்பது? உன் தொழிலில் இதற்கு ஏதாவது வழி இருக்குமா? அடுத்த மாதம் நெறிமுறைக் குழு கூடுகிறது, அதற்குள் எழுது. வாசுகியிடம் கண்ணாடி விஷயத்தோடு நிறுத்திக்கொள். மற்றதெல்லாம் தெரிந்தால் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள்.

அன்புடன்,
ரவி