வெள்ளம் பின்வாங்குவதில்லை, வடிகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் 'ரிசீட்' (recede) என்னும் வினைச்சொல்லுக்குப் 'பின்வாங்கு' என்ற ஒரே பொருளைத் தந்து, 'வெள்ளம் பின்வாங்கியது' என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருந்தீர்கள். (பணம் கட்டினால் தரும் சீட்டின் ஆங்கிலப் பெயரும் தமிழில் எழுதினால் இப்படித்தான் தோன்றும், நான் சொல்வது அதையன்று.) முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த எவரும் வெள்ளம் வடிந்தது என்றுதான் சொல்வார். கடலென்றால் உள்வாங்கும். 2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, நீருக்குள் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. அதன்பிறகு 'கடல் உள்வாங்குது' என்ற பேச்சு காதில் விழுந்தாலே கரையோர மக்கள் பதறுகிறார்கள். நினைவு மங்கும், ஆபத்து நீங்கும், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்லும். முன்தலையில் முடி குறைவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். அவர்கள் முடி பின்னால் போனதாகச் சொல்ல, நாம் நெற்றி ஏறிவிட்டது என்கிறோம்.

ஒற்றைப் பொருளால் விளையும் கேட்டை வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். 'வேட்பாளர் போட்டியிலிருந்து பின்வாங்கினார்' என்பதை மொழிபெயர்க்கச் சொன்னபோது ஒரு மாணவி 'ரிசீட்' என்று எழுதினாள். நான் அதைச் சிவப்பு மையால் அடித்து 'வித்ட்ரா' என்று திருத்தியதும், "அகராதியில பின்வாங்குன்னுதானே சார் போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவள்மேல் குற்றமே இல்லை. மனிதர் தாமே முடிவெடுத்து விலகிக்கொள்வது வேறு, நீரும் ஒலியும் நினைவும் மெல்ல மெல்ல அகல்வது வேறு என்பதை அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

இன்னொன்றையும் அந்தப் பகுதியில் சொல்லியிருக்கலாம். இது செயப்படுபொருள் குன்றிய வினை. தமிழில் வெள்ளம் வடிந்தது என்றும் சோற்றை வடித்தாள் என்றும் ஒரே வேரிலிருந்து இரு வினைகளை ஆளலாம். ஆங்கிலத்தில் வெள்ளம் தானே வடிவதற்கு மட்டுமே இச்சொல் பொருந்தும், நீரை ஒருவர் வடியச் செய்ததைச் சொல்ல இது உதவாது.

மரபியல் பாடநூலை எழுதியவர்கள் இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்த 'ரிசசிவ்' என்பதை 'ஒடுங்கு பண்பு' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். மெண்டலின் பட்டாணிச் செடிகளில் குட்டைத்தன்மை முதல் தலைமுறையில் ஒடுங்கியிருந்து அடுத்த தலைமுறையில் மீண்டும் வெளிப்பட்டதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும். 'பின்வாங்கு பண்பு' என்று எழுதியிருந்தால் எந்த மாணவருக்குப் புரிந்திருக்கும்?

ஆகவே, வரும் வாரப் பகுதியில் இவ்வினையை வெள்ளம், கடல், நினைவு என்று அது சேரும் பெயர்களோடு வாக்கியங்களாகத் தந்து, முன்பு வெளியான எடுத்துக்காட்டுக்குத் திருத்தமும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மயிலாடுதுறை.