மலிவு விலையும் வெங்காயத் தோட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் மைசூர் பருப்பு மூட்டைகளைப் பார்த்தால் அவுஸ்திரேலியா, கனடா என்று அச்சிட்டிருக்கும். பெரிய வெங்காயம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. பாணுக்கான கோதுமையோ இங்கே விளைவதேயில்லை. விலை குறைந்தால் கொழும்பில் இருக்கும் எங்களுக்குச் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. அந்த மலிவுக்கு ஊரில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்து மிளகாயும் சின்ன வெங்காயமும் தெற்குச் சந்தைகளுக்கு லொறி லொறியாக வந்தன. அந்தக் காசில் கல்வீடு எழும்பிய கதையை வயதானவர்கள் இன்றும் அலுக்காமல் சொல்வார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதி தாராளமானதும் தோட்டக்காரர் பாடு திண்டாட்டமானது. அப்புறம் யுத்தம்.

பண நட்டம் ஒரு பக்கம். வெங்காயம் கிண்டினால் அயலட்டைப் பெண்கள் ஒன்றுகூடித் தாள் முடிந்து பிடி கட்டுவார்கள். விதை வெங்காயம் அடுத்த போகம் வரை முகட்டில் தொங்கும். ஊர்க்கதை, கல்யாணப் பேச்சு, சின்னச் சண்டை எல்லாம் அந்தத் திண்ணையில்தான். தோட்டம் கட்டுபடியாகாவிட்டால் இந்தக் கூடலும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வழி பார்க்கிறார்கள்.

இறக்குமதியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் முதலில் கத்துவது நாங்கள்தான். வரியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை விதைப்புக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாமல் வைத்திருக்கட்டும். தோட்டத்தில் வெங்காயம் கிடக்கும்போது துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் விவசாயி யாரிடம் போவார்?

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6