ஆணி அடித்த கைகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். வான்கூவரில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நலம்.

கனடா அரசு இங்குள்ள பூர்வகுடி மக்களுக்குச் செய்ததைப் பற்றி, "நிலத்தைப் பிடுங்கி, பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் இப்போது சிற்பம் வைத்தால் சரியாகிவிடுமாடா?" என்று கேட்டிருந்தாய். ஓவிய வாத்தியாரான நீயே இப்படிக் கேட்டது என்னை யோசிக்க வைத்தது.

இங்கே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'நல்லிணக்கக் கம்பம்' என்ற செதுக்கிய மரத்தூண் ஒன்று நிற்கிறது. இந்த மாகாணத்துத் தீவுகளைச் சேர்ந்த ஹைடா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர்களில் ஒருவரும் சிற்பியுமான ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கியது. 55 அடி உயரம். சுமார் 800 வயதான செடார் மரம். 2017 ஏப்ரல் 1 அன்று நூற்றுக்கணக்கானோர் கயிறு பிடித்து இழுத்து நிமிர்த்தினார்கள்.

அதைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போக வேண்டும். அடியில் பழைய வாழ்வு: சால்மன் மீன், தாய்க்கரடி, குட்டிகள். நடுவில் ஒரு பள்ளிக்கூடம். ஹார்ட்டின் தாத்தா படித்த கோக்வலீட்சா உறைவிடப் பள்ளிதான் அதற்கு மாதிரி. கனடா முழுக்க, சொந்த மொழியையும் பண்பாட்டையும் மறக்கடிப்பதற்காக நடத்தப்பட்ட இப்படிப்பட்ட பள்ளிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் அடைக்கப்பட்டார்கள்; 1990கள் வரை இது நடந்தது. பள்ளிக்கு மேலே குழந்தைகள் சீருடையோடு ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறார்கள். பெயருக்குப் பதில் எண். அவர்களுக்குப் பாதங்கள் செதுக்கப்படவில்லை. மண்ணில் கால் ஊன்ற விடப்படாத பிள்ளைகள் அல்லவா!

கம்பத்தில் ஏறத்தாழ 68,000 செம்பு ஆணிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளில் இறந்த குழந்தைகளின் நினைவாக அடிக்கப்பட்டவை. அடித்தவர்களில் அங்கே படித்து மீண்டவர்கள், அவர்களுடைய குடும்பத்தார், இன்றைய பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. என்னை அசைத்தது இதுதான், சேகர். பலகையில் எழுதிய எண்ணிக்கையை வாசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். கையில் சுத்தியல் இருக்கும்போது ஒரு குழந்தைக்கு ஒரு ஆணி என்று நின்றுதான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். கம்பம் நடுவதோடு பிணைந்த பாட்லாட்ச் என்ற விருந்தும் கொடையும் சேர்ந்த சடங்கை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. அதே மரபில் வந்தவர் உளியை எடுத்து, எதைச் சொல்ல வேண்டும் என்று தானே தீர்மானித்தார். அநியாயம் செய்தவன் தன் செலவில் தனக்குப் பிடித்த சிலையை வைத்திருந்தால் உன் கோபத்தில் நானும் சேர்ந்திருப்பேன்.

வின்னிபெக்கில் மனித உரிமை அருங்காட்சியகத்தில் கேரி நியூமன் உருவாக்கிய 'சாட்சிப் போர்வை' இருக்கிறது. பள்ளிகளிலிருந்தும் மீண்டவர்களிடமிருந்தும் திரட்டிய 800க்கும் மேற்பட்ட பொருள்களைச் செடார் சட்டங்களில் பதித்திருக்கிறார். அவற்றில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் உண்டு. அதை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கவில்லை. உரிமை அந்தப் படைப்புக்கே உரியது, கலைஞரும் அருங்காட்சியகமும் சேர்ந்து அதைப் பராமரிப்பார்கள் என்று 2019இல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பத்திரத்தோடு, பூர்வகுடி மரபுப்படி சடங்கும் நடந்தது.

நிலம் பற்றி நீ கேட்டது மட்டும் அப்படியே நிற்கிறது. ஹைடா க்வாய் தீவுகள் ஹைடா மக்களுக்கே உரியவை என்று மாகாண அரசு ஒப்புக்கொண்டது 2024இல்தான், அதுவும் பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. கம்பம் நிற்கும் இடமோ மஸ்குவீம் என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்காத நிலம். என் வீடும் அப்படிப்பட்ட மண்ணில்தான் இருக்கிறது. குடியேறி வந்த நாமும் இதில் பார்வையாளர்கள் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், உன் மாணவர்கள் மலைக்கிராமத்துப் பள்ளிச் சுவரில் படம் வரையப் போவதாக எழுதியிருந்தாயே, என்ன வரைவது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டீர்களா? அவர்கள் பிள்ளைகளும் தூரிகை பிடிக்கட்டும். முடிந்ததும் போட்டோ அனுப்பு. மீராவின் கல்யாணத் தேதியையும் சீக்கிரம் சொல், இப்போதே லீவு போட்டால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
ரகு