நூல் போட்டுத் தைத்துக் கொடுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தை 11 வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, ரப்பர் பேண்ட் போட்ட 640 பக்க நாவலை மேசைமேல் வைத்தாள். "நான் கிழிக்கல சார், தானா கழண்டு வந்துருச்சு" என்றாள். அபராதத்துக்கென்று கையில் 50 ரூபாய் வைத்திருந்தாள். நடுவில் முப்பது நாற்பது தாள்கள் தனித்தனியாகக் கிடந்தன. அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போன மூன்றாவது ஆள்தான் அவள்.

கெட்டி அட்டைப் பதிப்பு, கூடுதல் விலை. அட்டையை விலக்கிப் பார்த்தால் உள்ளே தையலே இல்லை, வெறும் பசை. பல பக்கங்களை ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த கட்டைப் பாரம் என்பார்கள். அந்தப் பாரங்களின் முதுகைச் சீவிவிட்டுச் சூடான பசையில் ஒட்டுகிற பெர்ஃபெக்ட் பைண்டிங், 80 பக்கக் கவிதைத் தொகுப்புக்குச் சரி. இதுவோ 16 பக்கப் பாரமாக 40 பாரம். அத்தனை தாளையும் அந்தப் பசை எத்தனை நாள் பிடித்திருக்கும்?

பழைய புத்தகம் பிரிந்தால் எங்கள் பைண்டர் பாரத்தின் மடிப்பில் ஊசி விட்டு மறுபடி தைத்துவிடுவார். இதில் மடிப்பே இல்லை. ஓரத்தில் துளை போட்டுத்தான் தைத்தார். நீங்கள் உள்பக்கம் விட்டிருந்த இடமோ அரை அங்குலம்கூட இல்லை. இடப்பக்கத்தில் வரிகளின் கடைசி எழுத்தும் வலப்பக்கத்தில் முதல் எழுத்தும் தையலுக்குள் போய்விட்டன. அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து படிக்க வந்தாள், ஊகித்து ஊகித்துப் படிக்கிறாள்.

விலை ஏறும்போது தாள் விலை என்கிறீர்கள். சரி, புரிகிறது. ஆனால் மேலட்டைக்கு லேமினேஷன், மினுக்கும் எழுத்து எல்லாவற்றுக்கும் காசு இருக்கிறது, நூலுக்கு மட்டும் இல்லையா? சிறிய படிப்பகம் ஒரே புத்தகத்தை எத்தனை தடவைதான் வாங்கும்?

மன்னியுங்கள், ஆதங்கத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கேட்பது இதுதான். 400 பக்கம் தாண்டும் புத்தகங்களைப் பாரம் பாரமாக நூல் போட்டுத் தையுங்கள், அப்புறம் அட்டை போடுங்கள். உள் ஓரத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். அதற்காக விலை கூடினால் கொடுக்கிறோம். தைக்க முடியாத புத்தகம் என்றால், பதிப்பு விவரப் பக்கத்தில் 'பசைக் கட்டு' என்று ஒரு வரி அச்சிடுங்கள். வாங்கும்போதே தெரிந்துகொள்வோம்.

அன்புடன்,
ஒரு படிப்பகப் பொறுப்பாளர்