பச்சத்தண்ணிய மொதல்ல ஊத்து

மகள்,

நேத்து வீடியோ கோல்ல பேரன் மேசைய புடிச்சிக்கிட்டு எந்திரிச்சு நின்னத பாத்து எல்லாரும் கைதட்டுனோம், ஆனா என் கண்ணு போனது அவன் தலைக்கு மேல தொங்குன கரண்ட் கேத்தல் வயர்லதான். ராத்திரி பூரா தூக்கமில்ல, அதான் எழுதுறேன்.

ஒன் எடது கால் தழும்பு பத்தி நீ கேக்கிறப்பல்லாம் அடுப்புகிட்ட வெளாண்டு சுட்டுக்கிட்டன்னு சொல்லுவேன்ல, அது பொய். ஒனக்கு அப்ப ஒன்றரை வயசு. மஸ்கெலியா மார்கழி குளிரு, ஒன்ன குளிப்பாட்ட கொதிக்கிற தண்ணிய வாளியில ஊத்தி காம்பரா அறையில வச்சிட்டு பச்சத்தண்ணி புடிக்க தண்ணி விழுற பீலிக்கு போனேன், ரெண்டு நிமிசம்தான், அதுக்குள்ள நீ வாளிய புடிச்சு இழுத்துட்ட. லயத்து வரிசை வீடுகள்ல உள்ளவங்க எல்லாம் ஓடியாந்தாங்க, ஒருத்தர் பற்பசைய தேச்சாங்க, இன்னொருத்தர் தேங்கா எண்ணெ, நானும் தேய்க்க விட்டேன். தேயில கொழுந்து ஏத்துற லொறியில ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனா, அங்க நர்ஸ் அந்த பேஸ்ட்ட தொடச்சு எடுக்கறப்ப நீ கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. தண்ணிய தவிர எதையும் பூசியிருக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லித்தான் எனக்கு தெரியும்.

அதனால கேளு. வாளியில எப்பவும் பச்சத்தண்ணிய மொதல்ல ஊத்து, பொறகுதான் சுடுதண்ணி, முழங்கைய விட்டு பாத்துட்டுத்தான் புள்ளைய எறக்கணும். 60 டிகிரி சூடு இருந்தாலே சின்ன புள்ள தோலு சில செக்கன்ல வெந்துரும், கொதிக்கவே வேணாம். கேத்தல செவுத்துப் பக்கமா தள்ளி வை, வயர சுருட்டி வை. அவன மடியில வச்சிக்கிட்டு பிளேன்டீ குடிக்காத, மருமகன்கிட்டயும் சொல்லு. மேசைக்கு துணி விரிக்காத, இழுத்துருவான்.

அப்பிடியும் பட்டுருச்சுன்னா (படக்கூடாது சாமி) துணி, வளையல் எல்லாம் ஒடனே கழட்டு, தோலோட ஒட்டுன துணிய மட்டும் இழுக்காத. பைப் தண்ணிய 20 நிமிசம் ஓடவிடு, ஐஸ் வேணாம், புண்ணுக்கு மட்டும் தண்ணி, மத்த ஒடம்ப போர்த்தி வை, இங்கத்த பீலி தண்ணிக்கு புள்ள வெறச்சு போயிரும். பொறகு சுத்தமான துணியால மூடிட்டு 1990க்கு அடி, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

தீபாவளிக்கு நீங்க வாறதுக்குள்ள அடுப்படி வாசலுக்கு அப்பா பலகை அடிச்சு தடுப்பு போடுறாரு. குப்பி லாம்ப தூக்கி போட்டாச்சு, கரண்ட் போனா டோர்ச் இருக்கு, லயத்துல ஒரு காம்பரா பத்துனா வரிசையே போயிரும்ல. பேரன குளிப்பாட்டுறப்ப நான் தண்ணி கலக்குறேன், நீ அவன கையவிட்டு எறக்காம தூக்கி வச்சிக்க.

அம்மா