அண்ணன் விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் முழங்கால் பரவாயில்லை என்று படித்ததில் நிம்மதி. இவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் தலையில் நரையை எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பார்வை.

சரி, உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் ஆய்வு என்று மறுபடியும் வந்து நிற்கிறார்கள், அதே கேள்விகள், அவருக்கு ஞாபகமும் குறைகிறது, இனி வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். ஓய்வுக்கு அப்புறம் இதைப் பற்றித்தான் நிறையப் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

எழுபது வயதுக்காரரையும் ஐம்பது வயதுக்காரரையும் ஒரே நாளில் பரிசோதித்தால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் வயதால் வந்ததா, வளர்ந்த காலத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒரே ஆளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் தெரியும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992-ல் ஆரம்பித்த இப்படிப்பட்ட ஆய்வை இங்கிலாந்து 2002-லும், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2004-லும், சீனா 2011-லும் எடுத்துக்கொண்டன. இந்தியாவில் இதே மாதிரி நடக்கும் 'லாசி' என்ற முதுமை ஆய்வு 2017-18-ல் 72,000 பேருக்கு மேல் பேட்டி எடுத்தது. கேள்விகளைக் கூடியவரை ஒரே மாதிரி வைத்திருப்பதால் நாட்டுக்கு நாடு ஒப்பிடலாம்.

கேள்வி மட்டுமில்லை. பத்து வார்த்தைகளை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, நாம் மறந்திருக்கும் நேரத்தில் அதே பத்தை மறுபடி கேட்பார்கள். ஒரு கருவியைக் கையில் கொடுத்து முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்த வேறொரு ஆய்வு 2015-ல் வெளிவந்தபோது, பிடிவலு 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. ரத்த அழுத்தத்தைவிட இது நன்றாகவே முன்கூட்டிக் காட்டியதாம். உடனே பந்தை அமுக்க உட்கார்ந்துவிடாதே, பிடிவலு மொத்த உடம்பின் நிலைக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இந்த ஆய்வுகளின் பெரிய ஓட்டை, விலகிப் போகிறவர்கள். நோயாளிகளும் ஞாபகம் தளர்ந்தவர்களும்தான் முதலில் விலகுகிறார்கள், மிச்சமிருப்பது திடமானவர்கள், கணக்கைப் பார்த்தால் முதுமை ஏதோ சுகவாசம் போலத் தெரியும். அதனால்தான் பேச முடியாதவருக்குப் பதிலாக வீட்டில் ஒருவரிடம் கேட்கிறார்கள். சில நாடுகளில் ஆள் இறந்த பிறகும் குடும்பத்திடம் போய், கடைசி மாதங்களில் யார் பார்த்துக்கொண்டார்கள், எவ்வளவு செலவானது என்று விசாரிக்கிறார்கள். எனக்கு இதுதான் அவர்கள் செய்வதிலேயே உருப்படியான காரியமாகப் படுகிறது.

அண்ணனுக்கு இஷ்டமே இல்லையென்றால் விட்டுவிடட்டும், அது அவர் உரிமை. ஞாபகம் போகிறதே என்ற கூச்சம்தான் காரணமென்றால், அவர் சம்மதத்தோடு அண்ணியே பதில் சொல்லலாமா என்று வருகிறவர்களிடம் கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
ரகு